கூடைக் கயிறு

தனுஜாவின் கோபத்துக்கு ஒரு கைப்பிடி இருந்தது. ஒரு காப்பி மக்கின் கைப்பிடி.

கண்டி வாவிக்குப் பக்கத்தில் மோகனராஜ் நடத்தும் பரிசுப் பொருள் கடைக்கு அவள் இரண்டு வருடம் படம் வரைந்து கொடுத்தாள். ஒருநாள் போய்ப் பார்த்தால், அவள் வரைந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு வெள்ளை மக்கில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. முதுகில் தேயிலைக் கூடை. அவள் வரையாத கூடை. கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள். அடியில் அவள் பெயரும் இல்லை.

"முகம் நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் மோகனராஜ். "ஆனா எந்த ஊர் முகம்னு வாங்குறவனுக்குத் தெரிய வேணாமா? கூடை இருந்தாத்தான் போகும்."

அந்த மக்கைக் காசு கொடுத்து வாங்கி வந்து மேசையில் வைத்துப் பென்சில்களை அதில் போட்டாள். தினமும் கண்ணில் பட வேண்டும், தினமும் வயிறு எரிய வேண்டும் என்றே வைத்தாள். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 'சொந்தக் கை' என்ற அச்சுக்கூடம்.

கூட்டுச் சேர்ந்தவன் திகனயைச் சேர்ந்த இல்ஹாம். அதே கடையில் அவனிடம் யானைப் படம் கேட்டார்கள். அவன் கலவர நாளில் தன் ஊர்க் கடைத்தெருவில் மூடிக்கிடந்த ஷட்டர்களை வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தான், அவர்கள் எடுக்கவில்லை. இரண்டு பேருமாக அம்பிட்டியவில் ஒரு கராஜை வாடகைக்குப் பிடித்து, பழைய கைப் பிரெஸ் ஒன்றை இறக்கினார்கள். லினோ என்ற ரப்பர் போன்ற தகட்டில் படத்தைச் செதுக்கி, மை உருட்டி, தடித்த பருத்திக் காகிதத்தில் தாங்களே அச்செடுத்துத் தாங்களே விற்பது. ஒரு படத்துக்கு நாற்பது பிரிண்ட்தான். ஒவ்வொன்றிலும் எண், கையெழுத்து, கூடவே ஒரு சான்றிதழ். நாற்பது முடிந்ததும், அதற்குமேல் யாரும் அச்செடுக்க முடியாதபடி தகட்டில் குறுக்காகக் கீறி அதைச் சாகடித்துவிட வேண்டும். முதல் தகட்டை எல்லோர் முன்னாலும் கீறுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, டவுனில் ஒரு சிறிய மண்டபத்தில்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிலூஷா வந்தாள்.

நிலூஷாவும் தனுஜாவும் ஹந்தானைப் பக்கத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்து, ஒரே லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள். ஒரே வகுப்பு. இப்போது நிலூஷா பேராதனையில் ஒரு தனியார் மருந்துக் கடையில் மருந்தாளர். முதல் படத்துக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை இந்தக் கராஜில் அசையாமல் உட்கார்ந்து முகம் காட்டியவள் அவள்தான். இன்றைக்கு வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"எங்கடி அது?"

"எது?"

"நடிக்காத." போனை நீட்டினாள். நேற்று தனுஜா பேஸ்புக்கில் போட்ட விளம்பரம். நிலூஷாவின் முகம், நிலூஷாவின் மூக்குத்தி, தலைக்குக் குறுக்கே கயிறு, முதுகில் கூடை. கீழே 'கொழுந்துக்காரி' என்று தலைப்பு. "காலையில மருந்து வாங்க வந்த ஆளு கேக்குறான், 'மிஸ், லீவு நாள்ல கொழுந்தெடுக்க மலைக்குப் போறீங்களா?'ன்னு. முதலாளி சிரிக்கிறாரு. கூட வேல செய்ற புள்ள ரெண்டும் கூட சேந்து சிரிக்குது. நான் என்னைக்குடி கூடை தூக்கினேன்?"

"அது நீ இல்லடி, ஒரு படம்..."

"மூக்குத்தி கூட என்னோடது!"

பிரெஸ்ஸின் பின்னாலிருந்து இல்ஹாம் நிமிர்ந்தான். கையெல்லாம் மை. "தனுஜா, படத்தில கூடை கீறுறதப் பத்தி அவங்கள்ட கேட்டேன்னு சென்னீங்க தானே?"

தனுஜா மேசையிலிருந்த சான்றிதழ்களை அடுக்கினாள்.

"நா ரெண்டு தரம் கேட்டேன். ரெண்டு தரமும் கேட்டாச்சுன்னு சென்னீங்க."

"சொன்னேன்!" என்று கத்தினாள். "சொல்லாம? மொதப் படம் விக்காட்டி ரெண்டாவது படம் ஏதுங்க? ஒங்க ஷட்டர யாரு வாங்கப் போறா? ஒண்ணு போகட்டும், அப்புறம் நம்ம இஷ்டத்துக்கு வரையலாம்னு நெனச்சேன்."

"எண்ட ஷட்டர் விக்காட்டி எண்டகிட்டயே ஈக்கட்டும்," என்றான் இல்ஹாம். "நா யானை கீறிக் குடுக்கல்ல."

நிலூஷா அதற்குள் மேசையிலிருந்த சான்றிதழ் ஒன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கியிருந்தாள். மருந்துச் சீட்டு வாசிக்கிறவளின் நிதானமான குரல்.

"'ஓவியரின் அனுமதியின்றி இப்படத்தை எவரும் பிரதி செய்யவோ மாற்றவோ கூடாது.' நல்லா இருக்குடி. ஒன்னைக் கேக்காம யாரும் தொடக்கூடாது. என்னைக் கேக்காம நீ கூடை மாட்டலாம். அந்த மக்கைக் காட்டிக் காட்டி எத்தன நாள் என்கிட்ட அழுதிருப்ப? அவன் கள்ளன்னா நீ யாரு?"

"கூடை தூக்குறது கேவலமாடி ஒனக்கு? ஒங்கம்மா தூக்கலியா?"

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிலூஷா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எங்கம்மா தூக்கினா. அதுல எனக்கு வெக்கமில்ல. வரையணும்னா போயி அவகிட்ட கேளு. வீரம்மான்னு பேரைப் போட்டு வரை. அவ தூக்கினது என் முதுகுக்கு அது வராம இருக்கத்தான். நீ ஒரே நாள்ல ஏத்தி விட்டுட்ட, அதுவும் பேரில்லாம."

தனுஜா தகட்டை இழுத்து மேசையில் போட்டாள். உளியை எடுத்தாள். "கூடையை வெட்டி எடுத்துர்றேன். இப்பவே. ஒன் கண் முன்னால."

லினோவில் செதுக்கிய இடம் வெள்ளையாக வரும், விட்ட இடம் கறுப்பாக வரும். கூடை பெரிய கறுப்பு. சுருள் சுருளாக அது தரையில் விழுந்தது. அவசரத்தில் உளி சறுக்கி அவள் இடது கை விரலைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி செதுக்கினாள். யாரும் "பாத்து" என்று சொல்லவில்லை. கால் மணி நேரம் கழித்து இல்ஹாம் மை உருட்டி, காகிதம் வைத்து, பிரெஸ்ஸின் கைப்பிடியைச் சுற்றினான்.

காகிதத்தைத் தூக்கினார்கள். கூடை போயிருந்தது. முகம் தனியாக நின்றது. ஆனால் கறுத்த முடியின் குறுக்கே, நெற்றிக்குச் சற்று மேலே, ஒரு வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது.

"இது?"

"கயிறு," என்றாள் தனுஜா. "அது போகாதுடி. செதுக்கின எடத்த மறுபடி நிரப்ப ஏலாது."

நிலூஷா தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள், அதே இடத்தில். "எங்கம்மாவுக்கு இந்த எடத்துல முடி இல்ல," என்றாள். "கயிறு தேச்சுத் தேச்சு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் தலையில இருந்து முந்தானைய எடுக்க மாட்டா." பிறகு கையை நீட்டினாள். "குடு அத."

தனுஜா உளியைக் கொடுத்தாள். நிலூஷா தகட்டின் ஒரு மூலையில் அழுத்தி, மூக்கின் மேலாக, மறு மூலை வரை இழுத்தாள். பழகாத கை, கோடு கோணிக் கோணிப் போனது. மறு பக்கமும் ஒன்று.

"அச்சடிச்சு வச்சிருக்க அந்த நாப்பதும்?" என்றாள்.

"எங்கட மூணு மாச வேல அது," என்றான் இல்ஹாம். கொஞ்சம் யோசித்தான். "இந்தக் கீறின தகட்டில ஒண்டு அடிச்சு மாட்டினா? சத்தியமா அதுதான் மொதல்ல போகும்."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"சரி, சரி. சும்மா சென்ன. என்னத்துக்குப் பாக்குறீங்க அப்படி?" அவனே போய் நாற்பதையும் காகிதம் வெட்டும் கத்தியின் கீழ் வைத்தான். தடித்த காகிதம். ஐந்தைந்தாகத்தான் வெட்டுப்பட்டது. எட்டுத் தரம் அந்தச் சத்தம். எட்டாவது முடியும்வரை நிலூஷா நின்றாள். அவள் கிளம்பும்போது தனுஜா, "நாலு மணிக்கு வருவியா?" என்று கேட்டாள். நிலூஷா குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

நாலு மணிக்கு மண்டபத்தில் நடுச்சுவரில் வெறும் ஆணி இருந்தது. இரண்டு பக்கமும் கடை எடுக்காத இல்ஹாமின் ஷட்டர் படங்கள். வந்தவர்கள் ஆணியைப் பார்த்தார்கள், தனுஜாவைப் பார்த்தார்கள், ஷட்டர் பக்கம் போனார்கள். இரண்டு பேர் விலையும் கேட்டார்கள். நிலூஷா வரவில்லை.

வந்தவர் மோகனராஜ்.

"அந்தக் கூடைப் படம் எங்கம்மா? பேஸ்புக்ல பாத்தேன். கடைக்குப் பத்து எடுக்கலாம்னு வந்தேன்." ஆணியைப் பார்த்துச் சிரித்தார். "அதுக்குள்ள எல்லாம் போயிருச்சா? பாத்தீங்களா, கோவிச்சுக்கிட்டுப் போனீங்க. கடைசியில நான் சொன்னதத்தானே செஞ்சீங்க!"

இந்த மனிதரை என்றாவது மறுபடி நேரில் கண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தனுஜா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருந்தாள், பஸ்ஸில், குளிக்கும்போது, லினோ செதுக்கும்போது. ஆனால் அவர் சொன்னது உண்மை.

"ஆமா சேர். நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்," என்றாள். "அதான் வெட்டிப் போட்டோம். நாப்பதும்."

"என்னது?"

இல்ஹாமின் படத்தை வாங்குகிறவர்களுக்கு அவன் கையெழுத்துப் போடவென்று அவள் அந்த மக்கையும் பென்சில்களோடு கொண்டுவந்திருந்தாள். பென்சில்களை மேசையில் கொட்டினாள். துணி சுற்றிய விரலால் கைப்பிடியைப் பிடித்து மக்கை அவரிடம் நீட்டினாள்.

"இது ஒங்களுது. கொண்டு போங்க."

"என்னம்மா, காசு குடுத்துத்தானே எடுத்தீங்க?"

"காசு குடுத்துட்டா என்னோடதாயிருமா?" என்று கேட்டாள். கேட்டது அவரைத்தான். ஆனால் கண், நிலூஷாவின் முகம் தொங்கவிருந்த அந்த ஆணியில் இருந்தது.