கொடுக்க ஒன்றுமில்லாதவர்

சனிக்கிழமை காலை, நகரின் குரோருட் பகுதி அடுக்குமாடி ஒன்றின் பொதுக்கூடத்தில் யதுர்ஷா, அயலவர் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளத் தான் உருவாக்கிய இணையத்தளத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் இன்னொருவரின் காருக்குக் குளிர்கால டயர் மாற்றிக் கொடுப்பார். பதிலுக்கு அந்தக் கார்க்காரர் அவர் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். காசுக்கு அங்கே இடமில்லை. இடியப்பம் அவித்துக் கொடுத்தே தன் வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசுவித்த கதையை அங்கே குடியிருக்கும் சிவரஞ்சினி சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஓசியில் உதவி வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுபவர்களைத் தடுக்க யதுர்ஷா ஒரு விதி வைத்திருந்தாள். தன்னால் என்ன செய்ய முடியும் என்று முதலில் பதியாதவர் எதையும் கேட்க முடியாது. அந்த விதியில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கூட்டம் கலைந்தபோது பரமநாதன் நாற்காலிகளைத் தடவியபடி அவளருகே வந்தார். பேருந்துச் சாரதியாக இருந்தவர். பார்வை மங்கியதால் வேலையை விட்டவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். மாதாமாதம் அவருக்குக் கண்ணில் ஊசி போட வேண்டும். போட்ட அன்று எதுவும் தெளிவாகத் தெரியாது. போனமுறை திரும்பி வரும்போது உறைபனியில் வழுக்கி விழுந்துவிட்டாராம். கூட வர ஓர் ஆள் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

யதுர்ஷா அவருக்காகப் பதிய முயன்றாள். ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

“கதைச்சுக்கொண்டிருக்க ஏலும், பிள்ளை. வேற ஒண்டும் ஏலாது.”

“அதை ஆரும் கேக்க மாட்டினம், மாமா. யோசிச்சுப்போட்டு வாங்கோ. எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவளும் மறந்துபோனாள்.

பனி உருகிய பிறகு, தளத்தின் ஆண்டு விழாவுக்கு அழைக்க அவள் வீடு வீடாகப் போனாள். பரமநாதன் கதவைத் திறந்து, நேர் எதிரே நின்ற அவளிடம் யார் என்று கேட்டார். தனியே போகப் பயந்து ஊசியை விட்டுவிட்டாராம். இனிப் போட்டும் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். ஏன் திரும்பவும் தன்னிடம் கேட்கவில்லை என்று அழாக்குறையாகக் கேட்டாள்.

“நீங்கள் சொன்னது சரிதானே, பிள்ளை. குடுக்க ஒண்டுமில்லாதவன் எந்த முகத்தோட திரும்பக் கேக்கிறது?”

அவர் குரலில் கோபமே இல்லை. தானே ஒருநாள் அவரோடு போயிருக்கலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றைக்கே விதியை எடுத்துவிட்டாள். அது அவ்வளவு சுலபமாக இருந்தது அவளை இன்னும் வருத்தியது. அதன்பின் பரமநாதனை வெளியே கூட்டிப்போகவும் அவரோடு கதைக்கவும் ஆட்கள் வந்தார்கள். போன பார்வை வரவில்லை.

விழாவில் பாராட்டுவதற்காக அழைத்தபோது, அவள் பொன்னாடையை வாங்காமல் நடந்ததைச் சொன்னாள்.

“திருப்பித் தாறவைக்கு மட்டும் செய்தால் அது உதவியில்லை, வியாபாரம். ஒண்டும் தர ஏலாத ஆளிட்டத்தான் நாங்கள் முதல் போகவேணும். எனக்கு இது விளங்கிறதுக்கு ஒரு மனுசன்ர கண் போயிட்டுது.”

யாரும் கைதட்டவில்லை.