மூன்றாவது மணி நேரம்

ஐம்பது நாள் வகுப்பில் நாற்பத்தொன்பது நாள் போனவள் நான். போகாத அந்த ஒரு நாளும் காய்ச்சல். அப்படிப்பட்ட என்னிடம் ரமோனா ஒரு காகிதத்தை நீட்டி, என் வருகை அறுபத்தைந்து சதவீதம் என்றாள். யாருடைய காகிதமோ கை மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே என் பெயர்தான் இருந்தது. தூலின் கெஸ்கின், துருக்கி. பாஸ்போர்ட் எண்கூடச் சரியாக இருந்தது.

ரமோனா எங்கள் ஆங்கிலப் பள்ளியின் அலுவலகப் பெண். மால்டாக்காரி. நல்ல செய்தி, கெட்ட செய்தி எதுவாக இருந்தாலும் "மெலா" என்றுதான் ஆரம்பிப்பாள். இந்த ஊரில் அது 'சரி'க்கும் ஆகும், 'அப்புறம்'க்கும் ஆகும், 'கிளம்பு'க்கும் ஆகும். அன்றைக்கும் மெலா என்று ஆரம்பித்து, எண்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விசா நீட்டிப்புக் கடிதம் தர முடியாது என்று முடித்தாள். அடுத்து நின்ற இத்தாலியப் பையனைப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்கு விசாவே தேவையில்லை. ஆறு மாதம் கடற்கரையில் படுத்துக் கிடந்தாலும் அவனை யாரும் எண்ண மாட்டார்கள்.

என் விசா பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது. என் தேர்வு மார்ச் பதினான்கு. நடுவில் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்துக்குத்தான் கடிதம் வேண்டும்.

டெனிஸ்லியில் துண்டும் குளியல் அங்கியும் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் எட்டு வருடம் பேக்கிங் பிரிவில் இருந்தேன். ஏற்றுமதிப் பிரிவில் ஒரு நாற்காலி காலியானது. ஆங்கிலச் சான்றிதழோடு மார்ச் கடைசிக்குள் வந்தால் அது எனக்கு, வராவிட்டால் முதலாளியின் மச்சினனுக்கு. மச்சினனுக்கும் ஆங்கிலம் தெரியாது, ஆனால் அவனிடம் யாரும் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. வேலையை விட்டுவிட்டு மால்டாவுக்கு வந்தேன். நான்கு படிநிலை ஏறினேன். நவம்பர் கடைசியில் மேல்நிலை வகுப்பைத் தொட்டேன்.

அந்த வகுப்பில் அப்போது ஆறு பேர். டிசம்பர் முதல் தேதி இத்தாலியர்களும் ஒரு பிரெஞ்சுக்காரியும் ஊருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நானும் யெய்சனும். யெய்சன் கொலம்பியாக்காரன், இருபத்தாறு வயது, ஸ்லீமாவில் ஒரு ஓட்டல் சமையலறையில் பகுதி நேரம் பாத்திரம் கழுவுகிறான். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம் மட்டும்தான். அதில் ஒரே ஒரு துருக்கிச் சொல்லைக் கலந்துகொண்டு என்னை 'அப்லா', அதாவது அக்கா, என்பான்.

வகுப்பில் நான்கு பேருக்குக் குறைந்தால் மூன்று மணி நேரப் பாடம் இரண்டு மணி நேரமாகும். இது பள்ளியின் விதி. அதை ரமோனா எப்படிச் சொன்னாள் தெரியுமா? சின்ன வகுப்பு, ஆசிரியையின் முழுக் கவனமும் உங்களுக்கே, இரண்டு மணி நேரத்திலேயே மூன்று மணி நேரப் பாடம் முடிந்துவிடும், இது உங்களுக்குக் கிடைத்த சலுகை என்றாள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோம். போட்டுவிட்டு நேராகக் கீழே போய், பட்டாணி அடைத்த பஸ்டிட்ஸி ஆளுக்கு இரண்டு வாங்கிக் கடல் சுவரில் உட்கார்ந்து தின்றோம். கொடுத்த பாடத்தைப் பிடுங்கினதற்கு விருந்து வைத்துக் கொண்டாடிய முட்டாள்கள் உலகத்திலேயே நாங்கள் இருவர்தான் இருப்போம்.

ஏனென்றால் பள்ளியின் கம்ப்யூட்டருக்கு அந்தச் சலுகை தெரியாது. அதற்கு ஒரு நாள் என்றால் மூன்று மணி நேரம். நாங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்றுக்கு இரண்டு என்று எழுதிக்கொண்டது. பத்து வாரம், தினமும், ஒரு நாள் விடாமல், நடக்காத மூன்றாவது மணி நேரத்துக்கு எங்களை வரவில்லை என்று குறித்திருக்கிறது.

யெய்சனின் காகிதத்தில் அறுபது. அவன் ஐந்து நாள் வரவில்லை, அதை ஒப்புக்கொண்டான். படிக்கட்டில் உட்கார்ந்து காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, அந்த மூணாவது மணி நேரத்துல டீச்சரும் இல்ல, விளக்கும் இல்ல, ரூமப் பூட்டி வெச்சிருப்பாங்க. நாம எங்க போய் உக்காந்திருக்கணுமாம், பூட்டு மேலயா?"

நான் சிரிக்கவில்லை. இயக்குநரின் அறைக்குப் போனேன்.

இயக்குநர் ஷிக்லூனா தன்மையான மனிதர். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், தலையை ஆட்டினார். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதைத் தொட முடியாது என்றார். வேண்டுமானால் நாளையிலிருந்து கீழ் வகுப்பில் உட்காரலாம், அங்கே பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், முழு மூன்று மணி நேரம் கிடைக்கும் என்றார். மிச்சமிருப்பது மூன்று வாரம். அதில் நாள் தவறாமல் வந்தாலும் எண்பதைத் தொட முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்படியானால் தேர்வை ஊரிலேயே எழுதிக்கொள்ளலாமே என்றார். அங்கே அடுத்த தேதி மே மாதம் என்றேன். மே மாதம் நல்ல பருவம் என்றார்.

அதற்குப் பிறகு தினமும் போனேன். தினமும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எங்கள் ஆசிரியை ஜோசெட்டிடமும் சொன்னேன். அவளுக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம். எங்கள் மூன்றாவது மணி நேரம் போனதும் அந்த நேரத்துக்கு வேறொரு பள்ளியில் பாடம் எடுக்க ஓடுகிறாள். டிசம்பரிலேயே இதைக் கேட்டதாகவும், உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னாள். சொல்லும்போதே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளிடமும்தான் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

பிப்ரவரி மூன்றாவது வாரம் ஏஜென்டுகள் வந்தார்கள். துருக்கி, பிரேசில், கொரியா என்று ஊர் ஊராக மாணவர்களைப் பிடித்து அனுப்புகிறவர்கள். குளிர்காலத்தில் அவர்களை அழைத்து வந்து, ஓட்டலில் தங்க வைத்து, பள்ளியைச் சுற்றிக் காட்டுவது இங்கே வழக்கம். அதற்கு முதல் நாள் ஷிக்லூனா என்னைத் தேடி மாடிக்கே வந்தார். ஏஜென்டுகள் முன்னால் நான் இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம். பள்ளியிலேயே நன்றாகப் பேசுகிறவள் நான்தானாம். கடித விஷயத்தையும் பார்க்கலாம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால் பத்து நாற்காலியிலும் ஆள். கீழ் வகுப்பிலிருந்து எட்டுப் பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். பாவம், ஒரு கொரியப் பெண் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தாள்.

யெய்சன் என் காதருகே குனிந்தான். "ஒரே நாள்ல நம்ம குடும்பம் பெருசாயிடுச்சே அக்கா. இதுல மாமா யாரு, சித்தி யாரு?"

இரண்டாவது மணி நேரத்தின் கடைசியில் ஏஜென்டுகள் ஒன்பது பேர் வந்து சுவரோரமாக நின்றார்கள். ரமோனா ஆளுக்கொரு அச்சிட்ட தாள் கொடுத்தாள். மேஜை மேல் மிச்சமிருந்த ஒன்றை நானும் எடுத்துப் படித்தேன். மேல்நிலை வகுப்பு, குளிர்காலத்திலும் சராசரி பத்து மாணவர்கள், தினமும் மூன்று மணி நேரம்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஷிக்லூனா என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, பேசும்படி கை காட்டினார்.

பேசினேன். ஜோசெட் எப்படிப் பாடம் நடத்துவாள் என்பதை மட்டும் பேசினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பள்ளியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம்தான். உடைத்தால் ஒன்பது பேரும் வேறு பள்ளிக்குப் போவார்கள், முதலில் ஜோசெட்டின் வேலை போகும், எனக்குக் கடிதமும் வராது. எனக்குக் கைதட்டல் வேண்டாம், கடிதம் வேண்டும்.

இருபது நிமிடத்தில் ஏஜென்டுகள் காபி குடிக்கக் கீழே இறங்கினார்கள். எட்டுப் பேரும் எழுந்து அவரவர் வகுப்புக்குப் போனார்கள். இரண்டு மணி நேரம் முடிந்ததும் ஜோசெட் புத்தகத்தை மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ரமோனா வந்து விளக்கை அணைத்துவிட்டு அறையைப் பூட்டினாள்.

யெய்சனையும் இழுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனேன். இந்த முறை அவர் நாற்காலியைத் தொடுவதற்கு முன்னால் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். மேஜை மேல் இரண்டு தாளை வைத்தேன். ஒன்று டிசம்பரில் நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகல். மற்றது ஏஜென்டுகளுக்குக் கொடுத்தது.

"இதுல ரெண்டு மணி நேரம்னு இருக்கு. இதுல மூணு மணி நேரம்னு இருக்கு. எது நிஜம் மிஸ்டர் ஷிக்லூனா?"

அந்தத் தாள் விருந்தாளிகளுக்காகப் பொதுவாக அச்சடித்தது, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றார்.

"நான் பெருசுபடுத்தல. மூணு மணி நேரம் பாடம் நடந்துச்சுன்னா, யார் நடத்தினாங்கன்னு சொல்லுங்க. ரெண்டு மணி நேரம்தான் நடந்துச்சுன்னா, ரெண்டுக்குக் கணக்குப் போடுங்க. நடத்தாத பாடத்துக்கு நான் எப்படி வராம போக முடியும்?"

"என்னை மிரட்டறீங்களா, மிஸ் தூலின்?"

"கேள்வி கேக்கறேன் சார். உங்களுக்குப் பதில் தெரியலன்னா விருந்தாளிங்க கீழதான் காபி குடிச்சிட்டிருக்காங்க. இஸ்மிர்லேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. அவங்ககிட்ட என் பாஷையிலயே கேட்டுக்கறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதத்தைத் தருவதாகவும், ஆனால் எனக்கு மட்டும்தான் என்றும் சொன்னார். யெய்சன் ஐந்து நாள் வராதவன், அவன் கதை வேறு என்றார்.

யெய்சன் கதவருகே நின்றுகொண்டு ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன் கண்ணால் ஜாடை காட்டினான், நீ வாங்கிக்கொண்டு போ என்று. அதைப் பார்த்ததும்தான் என் குரல் உயர்ந்தது.

"அஞ்சு நாளைக் கழிச்சுக்கோங்க, யாரு வேண்டாம்னா? மிச்ச நாப்பத்தஞ்சு நாளும் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். இருந்ததே ரெண்டு பேரு சார். ஒருத்தருக்கு ரெண்டு மணி நேரம், இன்னொருத்தருக்கு மூணு மணி நேரமா நடந்துச்சு அந்த வகுப்பு?"

கீழே யாரோ சிரிக்கும் சத்தம் படிக்கட்டு வழியே ஏறி வந்தது. ஷிக்லூனா அதைக் கேட்டார். நான் நகரவில்லை. அவர் போனை எடுத்து ரமோனாவிடம் மால்டா மொழியில் ஏதோ சொன்னார்.

ரமோனா வந்தாள். மெலா என்றாள். கம்ப்யூட்டரில் எங்கள் வகுப்பைத் திறந்தாள், மூன்று என்று இருந்த இடத்தில் இரண்டு என்று மாற்றினாள், ஒரு பொத்தானை அழுத்தினாள். அந்தப் பத்து வாரத்துக்கு எனக்குத் தொண்ணூற்றெட்டு. யெய்சனுக்குத் தொண்ணூறு. சுவரில் கடிகாரம் இருந்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன். மொத்தம் நான்கு நிமிடம்.

நான்கே நிமிடம். இதற்குத்தான் பத்து நாளாக நாற்காலியை இழுத்துப் போட்டார். இதற்குத்தான் நான் சூட்கேஸைப் பாதி அடுக்கி வைத்துவிட்டு, சோறு இறங்காமல் கிடந்தேன். அறுபத்தைந்தைப் பார்த்தபோது வந்த கோபம் ஒன்றுமே இல்லை. அந்த நான்கு நிமிடத்தைப் பார்த்தபோது வந்ததுதான் கோபம்.

இரண்டு கடிதத்தையும் முத்திரை குத்திக் கொடுத்தாள். நான் வாங்கிப் பைக்குள் வைத்தேன். ஒரு நன்றி சொல்லக்கூடாதா என்று ரமோனா கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். யெய்சன் நல்ல பையன், அவன் சொன்னான். என் பங்குக்கும் சேர்த்து இரண்டு முறை சொன்னான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை விசா அலுவலகம். காற்று குடையைத் திருப்பும் நாள். சுவரோரமாக நீண்ட வரிசை. கொலம்பியர்கள், துருக்கியர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறை, எல்லார் உறையிலும் ஏதோ ஒரு பள்ளியின் கடிதம். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் தன் கடிதத்தின் சதவீதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டாள். எண் காற்றில் குறைந்துவிடுமோ என்பதுபோல. அவளிடம் எத்தனை என்று கேட்டேன். எண்பத்திரண்டு என்று மெதுவாகச் சொன்னாள். ஏதோ தப்பு செய்தவள்போலச் சொன்னாள்.

என் எண் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நடுவயதுக்காரர். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தேர்வுக்குப் பணம் கட்டிய ரசீதைப் பார்த்தார், கடிதத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். விரல் நின்றது.

"தொண்ணூத்தெட்டா? பரவால்லையே, உங்க அட்டெண்டன்ஸ் ரொம்ப நல்லாருக்கே."

பின்னால் நின்ற யெய்சன் என் கோட்டைப் பிடித்து இழுத்தான். போதும் அக்கா, வாயை மூடிக்கொண்டு வா என்று அர்த்தம். அந்த மனிதர் நல்லபடியாகத்தான் சொன்னார், அது எனக்கும் தெரியும்.

"எப்பவும் நல்லாத்தான் சார் இருந்துச்சு," என்றேன்.

அவர் முத்திரையை எடுத்தார்.