உறங்கும் கிழங்குக்கு ஊற்றிய நீர்

மேற்றிசையில் கார்முகில் கால்கொள்ள, வெயில் தளர்ந்து, நெடுந்தெருவின் கூரைகளெல்லாம் செம்பொடி பூசி நின்ற மாலைப்பொழுதில், தன் கடைக்கு மேலமைந்த மொட்டை மாடியில் தையற்காரர் செம்பும் கையுமாய் நின்றார். எதிரே மண்தொட்டிகள் வரிசையாய் இருந்தன. ஒன்றிலும் பச்சையில்லை.

அறிவுசால் அன்பரே, அத்தொட்டிகள் அவர் மனைவியின் உயிர். இஞ்சி இனத்துப் பூச்செடிகளில் தாது மாற்றித் தூவி, விதை பொறுக்கி, ஆண்டு பல காத்து, வெண்மடலில் கருஞ்சிவப்பு விளிம்போடும் பூவொன்றை அவளே ஆக்கியிருந்தாள். அக்கிழங்கு வேறெங்கும் இல்லை. பனி தொடங்கியதும் இலையுதிர்த்து உறங்கும் அதற்கு, முதல் மழை வரை ஒரு துளி நீரும் ஆகாது.

கடந்த பனிக்காலத்தில்தான் அவள் காய்ச்சலில் விழுந்தாள். "கொஞ்சம் தண்ணி தாங்க" என்று மாடியறையிலிருந்து அவள் அழைக்க அழைக்க, "கைவேலையா இருக்கேன்ல" என்று கீழே தைத்துக்கொண்டிருந்தவர், பொழுது சாயும்வரை எழவில்லை. உடல் தேறியதும் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டவள் படியில் நின்று சொன்னது இவ்வளவே: "மழைக்கு வரேன். அதுவரைக்கும் தொட்டிக்குத் தண்ணி ஊத்தாதீங்க."

ஐயகோ! மனைவி சொன்னதை ஒருநாளும் உள்ளபடி கேட்டறியாதவர் அவர். ஊற்றாதே என்றதை ஊடல் என்று கொண்டார். பட்ட செடி தழைத்தால் அவள் உள்ளமும் தழைக்குமென்று, முழங்கால் நோகக் காலையும் மாலையும் படியேறி ஊற்றினார். கண்கெட்ட பின் கதிரவன் வணக்கம் என்பார்களே, அதுதான்!

அம்மாலையே, முதல் தூறலோடு அவள் வந்தாள்.

"பாரு, ஒரு நாள்கூட விடல" என்றார், பரிசுக்கு நிற்கும் பிள்ளையைப்போல்.

அவள் மண்ணுள் விரலிட்டாள். கிழங்கு கூழாய் அழுகி, நாற்றத்தோடு விரலில் வழிந்தது. ஒவ்வொரு தொட்டியாய்க் கவிழ்த்துத் துழாவினாள். கெட்டியாய் ஒரு துண்டும் அகப்படவில்லை.

"காஞ்சு கிடந்துச்சே, பாவம்னுதான்..."

"நான் கேட்டப்ப ஒரு வாய் தரல. வேணாம்னு தூங்கினதுக்கு ஊத்திக் கொன்னுட்டீங்க."

"வேற வாங்கிக்கலாம்."

"எங்க?" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு, பிரிக்காத பையை எடுத்து அவள் படியிறங்கினாள். இம்முறை எப்போது வருவேன் என்று சொல்லவில்லை.

மழை வலுத்தது. கேட்டபோது கொடாத நீரும், வேண்டாதபோது வார்த்த நீரும் ஒரே செம்பின் நீர்தானே, அன்பரே! அச்செம்பு மழைநீரால் அவர் கையில் தானே நிறைந்து வழிந்தது. வாங்கிக் குடிக்க அவ்வீட்டில் ஒரு வாய் இல்லை.