அண்ணனின் கைப்பிடி

அது ஒரு பாயிண்ட் டூ டூ பிஸ்டல். காகிதத்தில் ஓட்டை போடுவதைத் தவிர வேறு பிழைப்புக்காக அதை யாரும் செய்யவில்லை. தோட்டாவின் அடியில் ஓர் இணுக்கு விளிம்பு; ஊசி அங்கே தட்டினால் போதும். பெரிய துப்பாக்கிகளைப் போல ஊரைக் கூட்டாது. காய்ந்த குச்சியை முறித்தாற்போல ஒரு சத்தம், மணிக்கட்டில் ஒரு சின்ன உதறல், இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் அட்டையில் ஒரு கறுப்புப் பொட்டு. இதில் என்ன அப்படிச் சுகம் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சுட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

இப்போது அதன் சொந்தக்காரி பல்லுக்காரி. துப்பாக்கி சுடும் ரேஞ்சில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளுக்கும் அதில் வருத்தமில்லை. பல்செட் செய்வது அவள் தொழில். டாக்டர் அனுப்பும் ஈறு அச்சைப் பார்த்தே, இந்த மனுஷன் எந்தப் பக்கம் மெல்லுகிறான், எந்தப் பல்லைக் கடித்துக் கோபத்தை அடக்குகிறான் என்று சொல்லிவிடுவாள். ஊரில் பாதிப்பேர் வாய்விட்டுச் சிரிப்பது அவள் புண்ணியத்தில்தான்.

பிஸ்டல் அவள் அண்ணனுடையது. அவர் ஒருநாள் மத்தியானம் ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார்கள். காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணி அவளைக் கூப்பிட்டு, பிஸ்டலுக்கான காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. உரிமம் மாற்ற நாலு மாதம் அலையாய் அலைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் முதல்முறையாக அதைக் கையில் எடுத்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கைப்பிடி அவள் கைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

அண்ணன் கை முறம் மாதிரி. அவள் கை அதில் பாதி இருந்தால் அதிகம். இந்த வகைப் பிஸ்டலின் மரப்பிடியை ஒவ்வொருவரும் தன் கைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்வார்கள். குறைகிற இடத்தில் மாவு போன்ற பட்டியை அப்பி, கல்லாக இறுகுமுன் இறுக்கிப் பிடித்து அச்செடுப்பார்கள். அண்ணனும் அப்படிச் செய்தவர்தான். அந்தப் பிடி அவளுக்குச் சரியாக இருக்க வழியே இல்லை. ஆனால் கட்டைவிரல் பள்ளம் அவள் கட்டைவிரலுக்கு, உள்ளங்கை மேடு அவள் உள்ளங்கைக்கு என்று அளந்து செய்ததுபோல இருந்தது. பிடித்த மாத்திரத்தில் யாரோ உள்ளேயிருந்து அவள் கையைப் பற்றிக்கொண்டார்கள்.

அவள் அங்கேயே நின்று அழுதாள். அதற்குக் காரணம் இருந்தது.

சாவதற்குப் பத்து மாதம் முன்னால் அண்ணனை ரேஞ்சிலிருந்து நிறுத்திவைக்கச் செய்தது அவள்தான். அவர் ஒருகாலத்தில் குடித்தவர். எட்டு வருஷமாகத் தொடாதவர். அந்த வருஷம் திடீரென்று கை நடுங்க ஆரம்பித்தது. குண்டுகள் தாறுமாறாகப் போயின. கேட்டால் தோட்டா சரியில்லை என்றார், வெயில் என்றார், கண்ணாடியை மாற்றவேண்டும் என்றார். ஒரு ஞாயிறு அவர் பக்கத்தில் நின்றபோது ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்தது. கையில் துப்பாக்கி, வாயில் சாராயம் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். நேராக ரேஞ்சின் செயலாளரிடம் போய்ச் சொன்னாள். விசாரித்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். ஒரு வருஷம் வரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அன்றிலிருந்து அண்ணன் தங்கைக்கு நடுவே பேச்சு நின்றுபோனது. ரோஷத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை.

இப்போது இந்தப் பிடி. மன்னித்துவிட்டார், சொல்ல வாய் வராமல் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அவள் முடிவுகட்டினாள். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள், கேட்காதவர்களையும் நிறுத்திவைத்துச் சொன்னாள். ஒவ்வொருவரும் பிஸ்டலை வாங்கிப் பிடித்துப் பார்த்து, அவள் கைக்கே செய்ததுதான் என்று சத்தியம் பண்ணினார்கள்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐந்து தோட்டா போட்டால் முதல் குண்டு இடப்பக்கம் ஒதுங்கி ஒன்பதாம் வளையத்தில் விழும், மிச்சம் நாலும் நடுவிலுள்ள பத்தில். எத்தனையோ பேர் திருத்தப் பார்த்தும் திருந்தாத கோணல் அது. அவள் அந்தப் பிஸ்டலில் சுட்ட முதல் அட்டையில் ஒரு குண்டு இடப்பக்கம் ஒன்பதில், நாலு பத்தில். அடுத்த அட்டையும் அப்படியே. செயலாளர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மற்றவர்கள் அட்டையைத் தொடவே தயங்கினார்கள்.

பயப்படவேண்டிய இடத்தில் அவளுக்குச் சுகமாக இருந்தது. ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருந்தாள். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, விசையில் விரல் வைக்கும்போது அண்ணனின் விரல் முந்திக்கொண்டு அமுக்கும். அவள் எதுவுமே செய்யவேண்டியதில்லை. முதல் குண்டு ஒதுங்கினால் மனதுக்குள், போதும்ண்ணே, ஒழுங்கா சுடு என்று அதட்டுவாள். பிழைத்திருந்த காலத்தில்கூட அவர்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

போட்டி வந்தது. போட்டிக்கு முந்தைய வாரம் கருவிச் சோதனை. அளவெடுத்துச் செய்த ஒரு பெட்டிக்குள் பிஸ்டல் கைப்பிடியோடு அடங்கவேண்டும், மூடியைச் சாத்த முடியவேண்டும். முடியவில்லை. உள்ளங்கை மேடு இரண்டு மில்லிமீட்டர் அதிகம். தேய்த்துக்கொண்டு வாருங்கள் என்றார் சோதனைக்காரர். இதென்ன பிரமாதம், தேய்ப்பதுதானே அவள் பிழைப்பு. ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி, பிடியை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு தன் பட்டறைக்கு வந்தாள்.

பல் தேய்க்கும் மெஷினை ஓட்டிப் பிடியின் ஓரத்தில் வைத்தாள். பழுப்புப் பட்டி தூளாகப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் பழுப்புக்கு அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. சாம்பலுக்கு அடியில் மறுபடி பழுப்பு. அவள் மெஷினை நிறுத்தினாள்.

வெட்டிய ஓரத்தை விளக்கடியில் காட்டிப் பார்த்தாள். ஏழு அடுக்கு இருந்தது. ஒவ்வோர் அடுக்கின் மேற்புறத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு. வேர்வையும் எண்ணெயும் ஏறி, கை பட்டுப் பட்டு மெருகேறினால்தான் அந்தக் கோடு விழும். ஒரு மாதமாவது பிடித்திருக்க வேண்டும். தங்கைக்கென்று செய்திருந்தால் ஒரே தடவையில் அச்செடுத்து முடித்திருப்பார். இது அப்படிச் செய்ததில்லை. ஒரு கை ஒரு அடுக்கைப் பிடித்துப் பழகி, அது தொளதொளத்துப் போனதும் அடுத்ததைப் பூசி, அதுவும் தொளதொளத்து, அதன்மேல் இன்னொன்று.

ஈறு வற்ற வற்ற பல்செட்டுக்கு அடியில் கனம் ஏற்றிக் கொடுப்பது அவள் அன்றாடம் செய்கிற வேலை. வயசானவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். இங்கே ஒரு கை மாதத்துக்கு மாதம் வற்றியிருக்கிறது. முறம் மாதிரி இருந்த கை அவள் கை அளவுக்கு வந்தபோது ஆள் போய்விட்டார். அவ்வளவுதான் இந்தப் பொருத்தம்.

அப்புறம் ஸ்பிரிட். ஈரப் பட்டி கையில் அப்பிக்கொண்டால் தண்ணீருக்குப் போகாது, ஸ்பிரிட் தொட்டுத்தான் துடைக்கவேண்டும். வழவழப்பாக்குவதும் அதை வைத்துத்தான். தினம் முழுக்க ஸ்பிரிட் விளக்கின் முன்னால் மெழுகு உருக்குகிறவள் அவள். அவள் முந்தானையிலும் தலைமுடியிலும் அதே வாடை. அது வாயிலிருந்து வந்ததா, கையிலிருந்து வந்ததா என்று அன்று ஒரு நிமிஷம்கூட நின்று யோசிக்கவில்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அண்ணி வீட்டுக்குப் போய், பிடியை மேஜைமேல் வைத்தாள். அண்ணி வெட்டிய ஓரத்தை ஒருமுறை பார்த்தாள், பார்வையை எடுத்துக்கொண்டாள். நரம்பு நோய் என்று டாக்டர் சொன்னதையும், கைச்சதை முதலில் போகும் என்று சொன்னதையும் ஏதோ அடுத்த வீட்டுச் சங்கதி போலச் சொன்னாள். நிறுத்திவைத்த பத்து மாதமும் அவர் வீட்டில் தினம் ஒரு மணி நேரம் காலிப் பிஸ்டலைப் பிடித்து நின்றிருக்கிறார்.

"அப்ப ஏன் அண்ணி குடிச்சேன்னு ஒத்துக்கிட்டாரு?"

"குடின்னா ஒரு வருஷம். நோய்னா உரிமமே போயிடும், ஆயுசுக்கும் தொட முடியாது. ஒரு வருஷம் கழிச்சுப் போயிடலாம்னு நெனச்சாரு. ரெண்டு மாசம்தான் பாக்கி இருந்துச்சு."

பல்லுக்காரி பிடியை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"பிஸ்டல எனக்குக் குடுக்கச் சொன்னாருல்ல?"

"யாருக்கும் குடுக்கச் சொல்லல. நம்ம வீட்டுல உரிமம் வாங்கக்கூடிய ஆளு நீ ஒருத்திதான். அதான் குடுத்தேன்."

அண்ணி காபி வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று பல்லுக்காரி எழுந்து வந்துவிட்டாள்.

போட்டியன்று பெட்டியின் மூடியைச் சுலபமாகச் சாத்த முடிந்தது. அவள் தன் இடத்தில் போய் நின்றாள். இருபுறமும் பதினாலு பேர், எல்லோர் காதிலும் கவசம். பிஸ்டலை எடுத்தாள். இரண்டு அடுக்கு தேய்த்ததில் கைக்குள் சற்று இடம் விட்டிருந்தது. அந்த இடம் காலியாக இல்லை. அவளுடையதைவிடக் கொஞ்சம் பெரிய கை, இன்னும் கொஞ்சம் சதையுள்ள கை, சாவதற்கு இரண்டு மாதம் முந்தைய கை அங்கே நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் கூடவே நின்றவர் அவளுக்காக வரவில்லை. சுடுவதற்காக வந்திருக்கிறார். அந்த ஒரு வருஷம் முடிந்துவிட்டது என்றுகூட அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தோட்டாவை எடுத்துவிட்டு பிஸ்டலைக் கீழே வைத்தாள். திரும்பி நின்று சொன்னாள்.

"எங்க அண்ணன் குடிக்கல. நான் சொன்னது தப்பு."

சுற்றிலும் குச்சிகள் முறிந்துகொண்டிருந்தன. யாருக்கும் கேட்கவில்லை. விசில் ஊதி, சத்தம் நின்று, எல்லோரும் கவசத்தைக் கழற்றும்வரை காத்திருந்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நோயைச் சொன்னாள், ஸ்பிரிட்டைச் சொன்னாள், இந்தப் பிடி தனக்காகச் செய்ததில்லை என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. செயலாளர், அண்ணன் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

"சொன்னா திரும்ப வர முடியாதே" என்றாள்.

அந்த வரிசையில் யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கண்புரையை மறைத்துக்கொண்டு சுடுகிறவர் ஒருவர் அங்கே இருந்தார். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு நடுக்கத்தை அடக்கி வருகிறவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொருவரும் அவரவர் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.