வெளியாள் வாய்க்கரிசி

நீர்மாலைக்குப் போக வேல்சாமி தூக்கிய குடத்தை அவன் அம்மா சுடலையம்மாள் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ எடுக்காத. கருத்தப்பாண்டி எடுக்கட்டும்."

மேளக்காரர்கள்கூட ஒரு கணம் கையை நிறுத்திவிட்டார்கள். தகப்பன் பிணத்தைக் குளிப்பாட்ட மகன்தானே தண்ணீர் கொண்டுவர வேண்டும்? செத்துப்போன குருசாமிக்கு ஒரே மகன். அவன் குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது, சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த சித்தப்பா மகன் எதற்கு? சொத்துத் தகராறாக இருக்கும் என்று கூட்டத்தில் கிசுகிசுத்தார்கள். சொத்தாம். மடவார் வளாகத்தில் வாடகைக்கு ஒரு ஓட்டுக் குச்சில், அதுதான் சொத்து.

காரணம் தெருமுனையில் பீடி குடித்துக்கொண்டு நின்றது. தலையாரி மாரிசாமி.

எண்பத்தெட்டாம் வருஷம் முதியோர் பணத்துக்கு மனுப் போடக் குருசாமியைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போனதே வேல்சாமிதான். ஆண்பிள்ளை இருந்தால் பணம் கிடையாது என்றார்கள். அந்தப் பிள்ளையால் சோறு போட முடிகிறதா என்று எவனும் கேட்கவில்லை. அரசாங்க ஆபீசில் உண்மையைச் சொல்லி வயிறு நிறைந்தவன் யார்? ஒரே மகனும் இறந்துவிட்டான் என்று வேல்சாமியே மனுவில் எழுதினான். நீ யார் என்று கேட்டதற்குப் பக்கத்து வீடு என்றான். குருசாமி வேறெங்கோ பார்த்துக்கொண்டு கைநாட்டு வைத்தார்.

அதன் பிறகு மாசாமாசம் தபால்காரர் வந்தார். அறுபத்தெட்டு வயதில் ஹோட்டலில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த மனிதர் அந்த வேலையை விட்டார். இளைப்புக்கு மாத்திரை வாங்கினார். தன் காசில் டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அதுவரை 'இந்தா' என்று கூப்பிட்ட மருமகள் 'மாமா' என்றாள். ராஜபாளையத்தில் வேல்சாமி வேலை பார்த்த மில் மூன்று மாதம் பூட்டிக் கிடந்தபோது, அவன் பிள்ளைகள் இரண்டும் சாப்பிட்டது அந்தப் பணத்தில்தான். அவன் செத்துப்போனதாக எழுதி வாங்கிய பணத்தில்.

இனிமேல் சுடலையம்மாள் விதவைப் பணத்துக்கு மனுப் போட வேண்டும். அதற்கும் ஆண்பிள்ளை இருக்கக் கூடாது. காலையிலேயே மாரிசாமி அம்மாவையும் மகனையும் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தான் எதையும் பார்க்கவில்லையாம்; ஆனால் புதிதாக வந்திருக்கும் கிராம அதிகாரி நேரில் விசாரிக்க வருவாராம்; மொட்டைத் தலையோடு ஒரு மகன் இந்த வீட்டில் நின்றால் கதை முடிந்ததாம். நல்லதுக்குச் சொன்னாரோ, நாளைக்குக் கை நீட்டுவதற்குச் சொன்னாரோ, யார் கண்டது.

வேல்சாமி அம்மாவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஊரு காறித் துப்பும்மா. ஒனக்கு நான் கஞ்சி ஊத்த மாட்டனா?"

"எம்புட்டு நாளைக்கு? மில்லுல ஒனக்கு வாரத்துக்கு ரெண்டு நாளு வேலை. ஒம் பொண்டாட்டி மொகத்தப் பாத்துத் தட்டு ஏந்தச் சொல்லுதியா?" அவள் அழவில்லை. "ஒங்கய்யா நாலு வருசம் மனுசனா இருந்துட்டுச் செத்தாரு. என்னையும் இருக்க விடு."

அவன் வெளியே வந்து, குடத்தைத் தானே எடுத்துக் கருத்தப்பாண்டியின் தோளில் வைத்தான்.

சுடுகாட்டில் கருத்தப்பாண்டிக்குத் தலையும் மீசையும் வழித்தார்கள். "மில்லுக்காரருக்கு மீசை மேல அம்புட்டு ஆசை போலருக்கு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். யாரோ சிரித்தார்கள். வேல்சாமி காது கேளாதவன் போல வேலிக்கருவை நிழலில், மாரிசாமிக்குப் பக்கத்தில் நின்றான்.

வாய்க்கரிசி போட்டார்கள். முதலில் கருத்தப்பாண்டி, அடுத்துப் பங்காளிகள், அதற்கப்புறம் சம்பந்தக்காரர்கள். வாய் தெரியாத அளவுக்கு அரிசி குவிந்துவிட்டது. பிணம் எரிக்கிறவர் அசலூர். யார் யாரென்று அவருக்குத் தெரியாது. வரட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"சொந்தமெல்லாம் போட்டாச்சா? வெளியாளு யாரும் இருக்கீகளா?"

வேல்சாமி முன்னால் போனான். வீட்டிலிருந்தே பொத்திக்கொண்டு வந்த கையைத் தகப்பன் முகத்துக்கு மேலே விரித்தான். வேர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிப்போன அரிசி விழவில்லை. மறுகை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டான்.

"செத்த சீக்கிரம்ப்பா" என்றார் அவர். "மொகத்த மூடணும்."