பந்தலுக்கு வந்த குறுக்குப் பைப்

என் மனைவி அனுப்பிரியாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பாள், அப்புறம்தான் மனிதர்களை. கல்யாணமாகி எங்கள் வீட்டுப் படியேறும்போதே, "இந்தச் சன்சேடு தொங்குதே" என்றாள். அந்தக் கோபம் என் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனைக்குட்டத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், ஓடைக்குக் குறுக்கே கட்டும் பாலத்துக்கு அவள்தான் சைட் இன்ஜினியர். நான் சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் காலண்டர் சீசனும் மைக்கறையும்தான்.

அந்தப் பாலத்தில் சென்ட்ரிங் மேஸ்திரி கருத்தப்பாண்டி. கான்கிரீட் இறுகும்வரை அதைக் கீழிருந்து தாங்க இரும்பு முட்டு நிறுத்திப் பலகை அடிப்பது அவர் வேலை. அனுப்பிரியா ஒற்றைப் பிள்ளை. அவளுக்கு ஏழாம் மாசம் என்று தெரிந்ததும், "அண்ணன் இல்லைன்னு எவன் சொன்னது? நான்தான் தாய்மாமன்" என்று அவராகவே அறிவித்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாப்ள ஆக்கியதும் அவர்தான்.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. பெரிய முகூர்த்த நாள். சிவகாசியைச் சுற்றி ஒரு பந்தல்காரர் கிடைக்கவில்லை. நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டிராக்டர் நிறைய பைப்போடு வந்து இறங்கினார் கருத்தப்பாண்டி.

"பந்தல் தாய்மாமன் பொறுப்பு மாப்ள. நீங்க போயி காப்பித் தண்ணி போடச் சொல்லுங்க."

ஒன்றரை மணி நேரத்தில் பந்தல் எழுந்தது. பைப்பெல்லாம் வெள்ளைத் துணி சுற்றி, கலர்த்தாள் ஒட்டி, அம்புட்டு அழகு. அம்மாவோடு வளையல் வாங்கப் போயிருந்த அனுப்பிரியா திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் மனம் குளிர்ந்து போனாள். நானும்தான், பொய் சொல்வானேன்.

மறுநாள் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, இடது கைக்கு வளையல் போட்டு முடித்திருந்தார்கள். காற்றடித்து மேலே ஒரு பைப்பின் துணி அவிழ்ந்தது. வழக்கம்போல அவள் மேலே பார்த்தாள். சிவப்புப் பட்டை, அதன் மேல் அவள் கையெழுத்தில் பதினாலு என்ற நம்பர்.

"ஏங்க, அது பாலத்துக் குறுக்குப் பைப்."

"இருக்கட்டும். நாளைக்குத் திருப்பிக் குடுத்திருவோம்."

"கான்கிரீட் நடந்துக்கிட்டிருக்கு" என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "நாளைக்குப் போடவேண்டியது. மழை வருதுன்னு கம்பெனியில காலையில போன் பண்ணாக. நேத்து மத்தியானம்தான பார்த்தேன்னு நானும் சரின்னுட்டேன்."

ஒரு தடவை பிளாஸ்டிக் ஸ்கேலை மேசையில் நிமிர்த்தி வைத்து, உச்சியை அழுத்திக் காட்டியிருக்கிறாள். ஸ்கேல் நடுவில் வளைந்து ஒடியப் பார்த்தது. நடுவில் இரண்டு பக்கமும் விரலால் பிடித்துக்கொண்டு அழுத்தினாள், நின்றது. "முட்டுக்கு அந்த விரல்தான் குறுக்குப் பைப். இறுகாத பச்சைக் கான்கிரீட்டுக்குப் பாரம் மட்டும்தான் உண்டு, பலம் கிடையாது. எல்லாத்தையும் முட்டுதான் தாங்கணும்" என்றாள். அன்றைக்கு நான் கொட்டாவி விட்டேன்.

காலையிலேயே சைட்டுக்குப் போய்விட்ட கருத்தப்பாண்டிக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கான்கிரீட் பம்பு ஓடும் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? என் அம்மா கத்தக் கத்த, சந்தனத்தோடும் வளையலோடும் வண்டியில் ஏறிவிட்டாள். அவள் வேகமாகப் போ என்கிறாள், எனக்கோ அவள் வயிறுதான் கண்ணில் நிற்கிறது. அந்த இரண்டு கிலோமீட்டரும் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

பாலத்தின் மேல் எட்டுப் பேர். அவள் கையைக் காட்டியதும் பம்பு நின்றது.

"எல்லாரும் இறங்குங்க! ஒவ்வொருத்தரா நடந்து இறங்குங்க. ஓடாதீக, குதிக்காதீக!"

எட்டுப் பேரும் இறங்கினார்கள். கீழே முட்டுகளுக்கு நடுவில் கருத்தப்பாண்டி நின்று சிரித்தார். "தங்கச்சி, இந்தக் கோலத்துல இங்கன எதுக்கு வந்தீக?"

"வெளிய வாங்க. நடுவரிசையப் பாருங்க."

பார்த்தார். முட்டுகள் இரண்டு விரற்கடை ஒரு பக்கமாக வளைந்திருந்தன. சிரிப்பு போய்விட்டது. ஆனால் அந்த மனுஷன் வெளியே வராமல் சுத்தியலை எடுத்தார். "முட்டு நேராத்தான நிக்குது, ஒரு நாளைக்குக் குறுக்குப் பைப் எதுக்குன்னு நெனச்சுக் கழட்டுனதும் நான், இன்னைக்குத் திருப்பி மாட்டாம விட்டதும் நான். ரெண்டு கட்டை குடுத்து நிறுத்திட்டு வாரேன். நீங்க தள்ளிப் போங்க."

"நீங்க வரலைன்னா நான் உள்ள வாரேன்" என்றாள், சொன்னபடி காலையும் எடுத்து வைத்தாள்.

நான் அலறிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். கருத்தப்பாண்டி சுத்தியலை வீசிவிட்டுப் பாய்ந்து வந்து எங்கள் இருவரையும் கரைக்குத் தள்ளினார். ஜல்லி லோடு கவிழ்க்கிற மாதிரி நீளமாக ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பலகையும் கம்பியும் பச்சைக் கான்கிரீட்டும் ஓடைக்குள் கிடந்தன. ஆட்களை எண்ணினேன். ஒன்பது பேரும் இருந்தார்கள்.

அவர் மண்ணில் உட்கார்ந்து அழுதார். அவள் அவர் முதுகில் ஓங்கி இரண்டு அடி வைத்தாள். அப்புறம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

சாயங்காலம், பாலம் சரிந்ததற்குக் காரணம் எழுதித் தரச் சொல்லி அனுப்பிரியாவிடம் கம்பெனியில் கேட்டார்கள். கருத்தப்பாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றார். "என் பேரை மட்டும் எழுதுங்க தங்கச்சி. உங்க வேலைக்கு ஒண்ணும் வந்திரக்கூடாது." எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

அவள் எழுதி முடித்ததை வாங்கிப் படித்தேன். குறுக்குப் பைப் கழற்றப்பட்டது இரண்டாவதாக இருந்தது. முதல் வரி இது: 'கான்கிரீட் போடும் நாளில் முட்டுகளை நேரில் பார்க்காமல் போனில் அனுமதி கொடுத்தது நான்.'

"உனக்குக் கிறுக்கா?"

"எல்லாச் சைட்லயும் யாராவது எதையாவது கழட்டத்தாங்க செய்வாக. அதைப் பார்க்கத்தான் எனக்கு வேலை குடுத்திருக்கு."

காலையிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். "உள்ள கால் வச்சியே, அவர் வராம இருந்திருந்தா?"

எதையும் இரண்டு தடவை பார்க்காமல் விடாதவள், பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதை நான் யோசிக்கவே இல்லைங்க" என்றாள். சொல்லிவிட்டு எழுந்தவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். வாசலில் நின்றவர் உள்ளே ஓடி வந்தார். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டோம்.