சமத்துப் பொம்மை

இப்படி என் பக்கத்தில் நெருங்கி உட்காருங்கள், தங்கங்களே. மடியில் பிள்ளை இருந்தால் அணைத்துக்கொண்டே கேளுங்கள். ஒரு தையற்காரியின் கதை சொல்கிறேன்.

அவள் தைக்கும்போது மகன் பக்கத்திலேயே துணிக்கூடைக்குள் உட்கார்ந்திருப்பான். இரண்டு வயது தாண்டியும் நடக்கவில்லை, ஒரு சொல் பேசவில்லை. அழுகையும் இல்லை, அடமும் இல்லை. 'பொம்மை' என்றே பெயராகிவிட்டது. துணி கொடுக்க வருகிறவர்கள், "இப்படியொரு சமத்துப் பிள்ளைக்குக் கொடுத்து வச்சிருக்கணும்" என்பார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒருநாள் நாத்தனார் தன் மகளோடு வந்தாள். பொம்மையின் வயதுதான் அந்தச் சின்னவளுக்கும். வீட்டையே இரண்டுபடுத்தினாள். மேசையிலிருந்து நூல்கண்டு விழுந்து உருள, "என்து, என்து" என்று துரத்தினாள். அது பொம்மையின் கண்ணெதிரேதான் போயிற்று. அவன் பார்வை அசையவே இல்லை.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. கூப்பிட்டாலும் இவன் திரும்ப மாட்டேங்கறான். ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாமே?"

தையற்காரி கத்தரிக்கோலை ணங்கென்று வைத்தாள். "உன் மக ஓடறா, பேசறான்னு பீத்திக்க வந்தியா? உங்க அண்ணனும் லேட்டாத்தான் பேசினாராம். இப்ப அந்த வாயை மூட முடியுதா?"

நாத்தனார் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதோடு போக்குவரத்தும் நின்றது.

பள்ளியில் சேர்க்கும் வயது வந்தபோது பொம்மை சுவரைப் பிடித்துத்தான் நடந்தான். பேச்சு வரவில்லை. டீச்சர் சொன்ன பிறகே டாக்டரிடம் போனார்கள்.

"வளர்ச்சி பின்தங்கியிருக்கும்மா. யார் குத்தமும் இல்ல. பயிற்சி கொடுத்தா முன்னேறுவான்."

"முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டர் பொம்மையின் தலையைத் தடவினார். "அவனுக்கு இன்னும் சுலபமா இருந்திருக்கும்."

அன்றிலிருந்து தினமும் தையலை நிறுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து அவன் பக்கம் நூல்கண்டை உருட்டினாள். பல மாதம் அது அவன் காலடியிலேயே கிடந்தது. ஒரு மாலை, விரல் நுனியால் அதைத் திருப்பித் தள்ளினான்.

ஓவென்று அழுதவள், நாத்தனாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அன்னிக்கு நீ என் பிள்ளையைப் பார்த்துப் பேசினே. நான் உன் பிள்ளையைப் பார்த்துப் பொறாமையில சண்டை போட்டேன். சமத்து, சமத்துன்னு கொஞ்சியே அவனோட நாளையெல்லாம் தொலைச்சுட்டேன்டி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நாளைக்கே வர்றோம் அண்ணி. நூல்கண்டைப் பத்திரமா வைங்க. இவ கையில சிக்கினா மிஞ்சாது."

பார்த்தீர்களா? பிள்ளையின் வளர்ச்சி தாமதமாவது யார் குற்றமும் இல்லை. அதன்மேல் நம் வீம்பால் இன்னொரு தாமதத்தை ஏற்றிவிடக் கூடாது. சந்தேகம் வந்த அன்றே காட்டிவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சாமான்களையெல்லாம் உருட்டி விளையாடட்டும். மெதுவாக வரும் பிள்ளைக்குக் காத்திருக்கும் பொறுமை உங்கள் வீட்டில் என்றும் குறையாதிருக்கட்டும்.